அருள் அண்ணையின் எறிமா

செய்தியை எனக்குச் சொன்னவர் தில்லைநாதன். லவாலில் வீட்டு முற்றத்தில் விழுந்து கிடந்த மேப்பிள் இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது.

"அருள் முடிஞ்சார்," என்றார். குரலில் அழுகை இல்லை. "விடியப்புறம் நடந்ததாம். பவளக்கா இப்பதான் எடுத்துச் சொன்னவ." பிறகு, "நீ எழுதுவாய்தானே? எழுது. ஆனா சாமிப் படத்துக்கு மாலை போடுற மாதிரி எழுதிப்போடாதை," என்றார்.

இந்த நகரத்துத் தமிழ்ப் பத்திரிகையில் நான் நீண்ட காலமாக மரணச் செய்திகளை எழுதி வருகிறேன். நான் எழுதிய எல்லோருக்கும் சிரித்த முகமும் இளகிய மனமும் இருந்தன. அருளானந்தம் அண்ணை இதைக் கவனித்திருந்தார். "டேய் பேப்பர்," என்று ஒரு நாள் ஏரிக்கரையில் கேட்டார். என் பெயரைச் சொல்லி அவர் என்னைக் கூப்பிட்டதே இல்லை. "உன்ர பேப்பரில சாகிறவன் எல்லாம் நல்லவன். இந்த ஊரில கெட்டவன் ஒருத்தனும் சாகிறேல்லையோ?" அவரை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆகவே இந்த ஒரு முறை நடந்தபடியே எழுதுகிறேன்.

ரொக்ஸ்பரோவுக்கு மேற்கே, ஏரி அகன்று கிடக்கும் இடத்தில், கோடையில் சனிக்கிழமைக் காலைகளில் நாங்கள் நாலைந்து பேர் தூண்டில் போடுவோம். எங்களுக்கு வேண்டியது கார்ப் என்ற பெரிய கெண்டை மீன். சாப்பிடுவதற்கல்ல. பிடித்து, தூக்கிப் பார்த்து, திரும்ப விட்டுவிடுவோம். தூண்டில் முள்ளில் குத்துகிற இரை வேறு. மீனை அந்த இடத்துக்கு வரவழைப்பதற்காகத் தண்ணீரில் எறிகிற மா உருண்டை வேறு. பக்கத்தில் இருக்கும் பிரெஞ்சுக்காரர்கள் அதை அமோர்ஸ் என்பார்கள். நாங்கள் எறிமா என்று பெயர் வைத்திருந்தோம். அந்தக் கரையில் எறிமா என்றால் அருள் அண்ணைதான்.

நோத்ர-டாம்-த-கிரேஸில் அவர் குடியிருந்த அப்பார்ட்மெண்டில் வெள்ளிக்கிழமை பின்னேரம் அந்த வேலை தொடங்கும். காய்ந்த பாண் ரொட்டியை இடித்த தூளும் சோள மாவும் பாதிக்குப் பாதி. அதற்குமேல் வறுத்து அரைத்த எள்ளு, வறுத்துப் பொடித்த வெந்தயம், கொஞ்சம் கரும்புப் பாணி. வசந்தத்தில் தண்ணீர் குளிர்ந்திருக்கும்போது எள்ளைக் குறைப்பார். எண்ணெய் கூடினால் குளிரில் மீனுக்குச் செமிக்காது என்பார். ஆடி மாதம் எள்ளும் கூடும், டின் சோளமும் சேரும். தண்ணீரை ஒரேயடியாக ஊற்ற மாட்டார். புட்டுக்குக் குழைப்பதுபோல் தெளித்து, விரல் நுனியால் உதிர்த்து, பொறுத்திருந்து, இன்னொரு தடவை தெளிப்பார். பிறகு அரிதட்டில் அரிப்பார். வறுப்பதும் இடிப்பதும் அவர் மனைவி பவளக்காவின் பாடு. "மீன் திங்கிறதையாவது ஒழுங்கா வறு. நான் திங்கிறதைத்தான் கருக்கிறாய்," என்று எங்கள் முன்னாலேயே சொல்வார். பவளக்கா அடுப்பைக் குறைத்துவிட்டு வறுப்பார்.

கரைக்கு வந்தவுடன் ஒரு சிறிய உருண்டையைக் காலடித் தண்ணீரில் போட்டுப் பார்ப்பார். ஆழமான இடமென்றால் இரண்டு தடவை இறுக்கிய உருண்டை. அது அடிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் விரிய வேண்டும். ஆழமில்லாத இடமென்றால் லேசாகப் பிடித்தது. அது தண்ணீரில் விழுந்ததும் முகில்போல் பரவ வேண்டும். எறிவது இரண்டு. பிறகு பார்த்துக்கொண்டிருப்பது. அரை மணி கழித்து வேண்டுமானால் இன்னொன்று. "வாசம் காட்டு. வயிறு நிரப்பாதை," என்பார். "வயிறு நிரம்பின மீனும் பென்சன் எடுத்த மனிசனும் ஒண்டு. ஒண்டுக்கும் வாய் திறவான்."

தில்லை எங்களோடு சேர்ந்த முதல் நாளை இப்போது சொல்ல வேண்டும். கோயில் திருவிழாக்களில் தில்லை பந்தி பரிமாறுகிறவர். போதும் என்று இலையை மறைத்த கையை விலக்கிவிட்டு இன்னொரு கரண்டி வைப்பதில் பேர்பெற்றவர். அந்தக் கை ஏரியிலும் அப்படியே வேலை செய்தது. தான் குழைத்துக் கொண்டுவந்த ஒரு வாளி எறிமாவையும் வந்து கொஞ்ச நேரத்துக்குள் எறிந்து முடித்தார். தண்ணீருக்குள் மீன் வந்து உழக்குவது தெரிந்தது. தூண்டிலை ஒன்றும் தொடவில்லை.

அருள் அண்ணை எழும்பி வந்து வெறும் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். "ஐசே, இது கோயில் மண்டபமோ? மீன் எல்லாம் வடிவாச் சாப்பிட்டுட்டுக் கை கழுவப் போட்டுது. இனிப் பாயாசம் இருந்தா ஊத்தும்."

எல்லோரும் சிரித்தார்கள். தில்லையும் சிரித்தார். அடுத்த சனிக்கிழமை அவர் காரை விட்டு இறங்கும்போது, "வாங்கோ அன்னதானம்," என்றார் அருள் அண்ணை. அன்றோடு தில்லையின் பெயர் போனது. கரையில் அழைத்த பெயர் கோயிலுக்குப் போனது, கோயிலிலிருந்து கடைக்குப் போனது. தில்லையின் மகளின் கலியாணத்துக்கு ரொறொன்ரோவிலிருந்து வந்த சம்பந்தி வீட்டுக்காரர்கள் மண்டப வாசலில் நின்று, "அன்னதானம் மாமா ஆர்?" என்று தில்லையிடமே கேட்டார்கள். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. அருள் அண்ணை வாசலில்தான் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்.

"விடுங்கோ அண்ணை, அந்தப் பேரை," என்று அன்று தில்லை சொன்னது என் காதில் விழுந்தது. கெஞ்சுவதுபோல் இருந்தது.

"நான் விட்டாலும் மீன் விடாது," என்றார் அவர்.

தில்லையின் மனைவி மலர் இறந்தபோது முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கை ஏரிக்கரையில் செய்தார்கள். எங்களுக்குப் பழகிய கரை என்பதால் அதே இடம். குளிர்காற்று. தில்லை மேற்சட்டை இல்லாமல் முழங்கால் வரை தண்ணீரில் நின்றார். ஐயர் சொல்லச் சொல்ல, பச்சரிசிச் சோறும் எள்ளும் பிசைந்த பிண்டத்தை இரண்டு கையாலும் தண்ணீரில் விட்டார். அது உடனே கலைந்தது. கரையில் எங்களுக்கு நடுவில் நின்ற அருள் அண்ணை குரலைத் தாழ்த்தாமல் சொன்னார்: "பதம் காணாது, அதுதான் கரையுது. கை மட்டும் அதே கை. பெண்சாதிக்கும் கனக்கத்தான் போடுறார்."

இரண்டு பேர் சிரித்துவிட்டு வாயைப் பொத்தினார்கள். ஐயர் மந்திரத்தை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். தில்லை திரும்பவில்லை. தண்ணீருக்குள் கிடந்த சோற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். முதுகு மட்டும் நடுங்கியது. குளிராக இருக்கலாம்.

அதற்குப் பிறகு தில்லை வரமாட்டார் என்று நினைத்தோம். வந்தார். ஒரு சனிக்கிழமையும் தவறவிடவில்லை. அருள் அண்ணைக்குப் பக்கத்திலேயே கதிரையைப் போட்டு, அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கோடைக்குள் தில்லைக்கும் அளவு பிடிபட்டுவிட்டது. இரண்டு உருண்டை எறிந்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு காத்திருக்கப் பழகிவிட்டார். சின்ன மீன்கள் மாட்டின. பெரிய கார்ப் ஒன்றும் மாட்டவில்லை. பெயரும் மாறவில்லை.

போன வருடம் அருள் அண்ணைக்குத் தொண்டையில் புற்றுநோய் கண்டுபிடித்தார்கள். வெட்டி எடுத்ததில் குரல் முழுவதுமாகப் போய்விட்டது. வயிற்றுக்கு நேரே குழாய் போட்டுச் சாப்பாடு. கோயிலில் ஒருவர் என்னிடம், "கதைச்ச கதைக்குக் கடவுள் கணக்குப் பாத்திட்டார்," என்றார். அவரும் அருள் அண்ணையிடம் பட்டப்பெயர் வாங்கியவர். இந்த ஆவணியில் வைத்தியர்கள் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். பவளக்கா என்னைக் கூப்பிட்டு, "உவருக்கு ஒருக்கா ஏரிக்குப் போகவேணுமாம். ஒரே ஒரு மீன் பிடிக்கவேணுமாம். வேற ஒண்டும் கேக்கேல்லை," என்றார்.

சக்கர நாற்காலியை ஏற்றக்கூடிய வண்டி எங்களில் ஒருவரிடம்தான் இருந்தது. நடக்க முடியாதவர்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போகும் வண்டி ஓட்டுவதுதான் தில்லையின் வேலை. நான் கேட்டேன். உடனே ஓம் என்றார். எனக்கு ஆறுதலாக இருந்தது.

புரட்டாதியில் ஒரு சனிக்கிழமை. காற்று இல்லை. எறிமாவைப் பவளக்கா குழைத்திருந்தார். அருள் அண்ணை படுக்கையில் இருந்தபடியே ஒவ்வொரு தடவையும் ஒரு பிடி வாங்கிப் பார்த்து, தலையை ஆட்டிய பிறகுதான் பவளக்கா அரித்திருக்கிறார். கரையில் அவரது தூண்டிலை நான் எறிந்து தடியைக் கையில் கொடுத்தேன். அவர் இரண்டு விரலைக் காட்டினார். தில்லை இரண்டு உருண்டை பிடித்து, தூண்டில் விழுந்த இடத்திலேயே எறிந்தார். அருமையான எறி. அருள் அண்ணைகூடத் தலையசைத்தார்.

பிறகு தில்லை மூன்றாவதைப் பிடித்து எறிந்தார். நாலாவதை எறிந்தார்.

அருள் அண்ணை தூண்டில் தடியின் அடியால் நாற்காலிச் சக்கரத்தில் தட்டினார். நிறுத்து என்று அர்த்தம். எங்கள் எல்லோருக்கும் விளங்கியது.

"என்ன அண்ணை, காணாதோ?" என்றார் தில்லை. "இன்னும் போடட்டோ?"

இன்னும் பலமாகத் தட்டினார்.

"ஓம் ஓம், போடுறன். அவசரப்படாதேங்கோ."

தில்லை வாளியை நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுத்த உருண்டைக்குக் குனிந்தார். அருள் அண்ணை குனிந்து, நரம்பு தெரிந்த கையை விரித்து, வாளிமேல் வைத்து மறைத்தார். விருந்தில் வயிறு நிரம்பியவர் வாழையிலையை மறைப்பது போலவே இருந்தது. அப்படி மறைக்கும் கைக்குத் தில்லையின் பந்தியில் என்ன மதிப்பு என்று சொல்லத் தேவையில்லை.

"கூச்சப்படாதேங்கோ," என்று தில்லை சிரித்தார். திருவிழாவில் சிரிக்கும் அதே சிரிப்பு. மெதுவாக அந்தக் கையைத் தூக்கி நாற்காலியின் பிடியில் வைத்தார். "வடிவாச் சாப்பிடட்டும்."

"தில்லை, காணும், நிப்பாட்டு," என்றேன் நான்.

"நீ உன்ர பேப்பரைப் பார். இது பந்தி."

வாளியின் அடி சுரண்டும் சத்தம் கேட்கும்வரை எறிந்தார். பிறகு ஏரித் தண்ணீரில் வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். அருள் அண்ணையின் வாய் திறந்து திறந்து மூடியது. தொண்டையில் போட்டிருந்த துளையில் காற்று மட்டும் வந்து போனது.

மீன்கள் வந்தன. அவ்வளவு மீனை அந்த இடத்தில் நான் கண்டதில்லை. குமிழி குமிழியாக வந்தது. சேறு கலங்கியது. ஒரு பெரிய முதுகு வெளியே தெரிந்து புரண்டு போனது. தூண்டில் நுனி அசையவில்லை. மத்தியானம்வரை அருள் அண்ணை தடியை விடவில்லை.

புறப்படும்போது அவர் தில்லையின் சட்டையைப் பிடித்து இழுத்தார். தண்ணீரைக் காட்டினார். சூரியனைக் காட்டி, விரலால் வானத்தைச் சுற்றி வந்து திரும்பவும் கிழக்கைக் காட்டினார். நாளைக் காலை. இன்று வயிறு நிறையத் தின்ற மீன் நாளைக்குப் பசியோடு அதே இடத்துக்கு வரும். அவர் சரியாகத்தான் சொன்னார். அந்தக் கொடுமையிலும் அவருக்கு மீன் போகும் வழி தெரிந்தது.

"நாளைக்கு எனக்கு வேலை, அண்ணை," என்றார் தில்லை.

அடுத்த நாள் நடந்ததை நான் இறுதிச்சடங்கு மண்டபத்தில்தான் அறிந்தேன். அருள் அண்ணையைப் பெட்டியில் வைத்திருந்த அறைக்கு வெளியே, தில்லை தன் தொலைபேசியை என்னிடம் நீட்டினார். அதில் ஒரு வீடியோ. அதே ஏரிக்கரை, ஞாயிறு காலை வெயில். தில்லை தனியாக நின்று ஒரு கையில் தொலைபேசியும் மறு கையால் நெஞ்சோடு அணைத்த ஒரு பெரிய கார்ப்புமாகச் சிரிக்கிறார். "அண்ணை, பாருங்கோ. உங்கட இடம், உங்கட எறிமா. அன்னதானம் பிடிச்ச மீன்."

அதை அவர் அருள் அண்ணைக்கு அனுப்பியிருக்கிறார். கீழே அருள் அண்ணை தட்டிய பதில் இருந்தது.

"கை காஞ்சிருக்கு. நனை."

காய்ந்த கையால் பிடித்தால் மீனின் மேலிருக்கும் வழுவழுப்பு கையோடு உரிந்துவிடும். தண்ணீரில் விட்டாலும் சில நாளில் புண் வந்து சாகும்.

"இவ்வளவுதான்," என்றார் தில்லை. "ஒரு தூசணம் எழுதுவார் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான். ஒரு ஏச்சு? இல்லை. இதுக்குப் பிறகு ஒண்டும் வரேல்லை."

"மீன்?"

"இந்தப் பதில் வரமுந்தியே விட்டுட்டன். ஒரு பக்கம் சரிஞ்சு சரிஞ்சுதான் போனது."

"உனக்கு இப்ப ஆறிட்டுதோ?"

தில்லை தொலைபேசியை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்தார். "எங்க ஆறினது," என்றார். உள்ளேயிருந்து யாரோ, "அன்னதானம், தேத்தண்ணி குடுக்க ஆள் காணாது, ஒருக்கா வாறீரோ?" என்று கூப்பிட்டார்கள். அவர் போனார்.

பவளக்கா தூண்டில்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார். வேண்டாம் என்றேன். அருள் அண்ணையிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவர் கடைசியாக எழுதிய அந்த வரியை. தன்னை வதைத்தவன் அனுப்பிய படத்தில் அவர் கண்ணுக்கு முதலில் தெரிந்தது மீன் படும் பாடு. அவ்வளவு கூர்மையான கண் அது. மலரின் அந்தியேட்டியன்று, தண்ணீருக்குள் நின்று நடுங்கிய ஒரு முதுகும் அந்தக் கண்ணுக்குத் தெரிந்துதான் இருக்கும்.