உப்புத் தண்ணீர் வீட்டுக்கு வந்த பெண்

என் தம்பிக்கு முப்பத்து நாலு வயதாகியும் கல்யாணம் ஆகாததற்கு அவனும் காரணமில்லை, ஜாதகமும் காரணமில்லை. எங்கள் வீட்டு போர் தண்ணீர்தான் காரணம். பெண் வீட்டார் வருவார்கள், ஒரு வாய் குடிப்பார்கள், "ஊட்ல கலந்து பேசிட்டு சொல்றோம்" என்று எழுந்து போய்விடுவார்கள். இரண்டு இடம் அப்படியே போயிற்று. மூன்றாவதும் போய்விட்டால் இவனுக்குக் கல்யாணமே இல்லை என்று அம்மா முன்கூட்டியே அழ ஆரம்பித்துவிட்டாள்.

கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே எங்கள் ஊர். மேற்குத் தெரு ஏரியை ஒட்டி இருக்கிறது; அங்கே எங்கு தோண்டினாலும் நல்ல தண்ணீர். அதனால் நெல், அதனால் நிலக்காரர்கள், அதனால் கோயில், பள்ளிக்கூடம், பஸ் நிற்கும் இடம் எல்லாம் அங்கே. கடலைப் பார்த்த கிழக்குப் பக்கம் முழுக்க உப்பு. நிலக்காரர்கள் வயலில் நாற்று நட்ட எங்கள் ஆட்களுக்கு இந்தப் பக்கம்தான் மனை. நதிக்கரையில் நாகரிகம் வளர்ந்தது என்று ஆறாம் வகுப்பில் படித்தேன். உப்புத் தண்ணீரில் என்ன வளரும் என்று அந்தப் புத்தகத்தில் போடவில்லை.

ஒன்றும் விளையாத பூமி என்பதால்தான் கம்பெனிகள் எங்கள் பக்கம் வந்தன. தம்பிக்கு ஷிப்ட் வேலை, பைக், தளம் போட்ட வீடு எல்லாம் அந்த மண்ணின் புண்ணியம். சரி, வந்த கம்பெனி தண்ணீரையும் கொண்டு வந்ததா? அதுதான் இல்லை. குடிக்கக் கேன் தண்ணீர். சோற்றுக்கும் பருப்புக்கும் மேற்குத் தெருக் குழாய். கேன்டீன் வேலைக்குக் கிளம்பும் முன் தினமும் நான்தான் நாலு நடை போய் வருவேன். குடம் வைத்து வைத்து இடுப்பு காய்த்துப்போயிருக்கிறது.

மூன்றாவது இடம் திருவள்ளூர் பக்கம். அம்மா திட்டம் போட்டாள்.

"கேன் தண்ணிய கொடத்துல ஊத்தி வை. நம்ம போர் தண்ணின்னு சொல்லிடலாம்."

"கல்யாணம் ஆயி வந்து குடிச்சிப் பாத்தா இன்னா சொல்லுவ?"

"அப்போ பாத்துக்கலாம். நீ வாய மூடிக்கினு ஊத்து."

எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. ஆனாலும் ஊற்றினேன்.

அப்பா அம்மாவோடு பெண்ணும் வந்துவிட்டாள். காக்களூரில் ஒரு கம்பெனியில் வேலையாம். "நான் இருக்கப் போற ஊட்ட நான் பாக்க வேணாமா?" என்றாள். அம்மா முகம் சுருங்கிப்போனது. எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. தண்ணீர் கொடுத்தோம். அவள் அப்பா குடித்துவிட்டு, "பரவால்லியே, நல்லாகீதே" என்றார். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் பாதிக் கல்யாணம் முடிந்திருந்தது.

கேசரி சாப்பிட்ட பெண் கை கழுவப் பின்பக்கம் போனாள். அங்கே வாளியில் இருந்தது போர் தண்ணீர். அவ்வளவு திட்டம் போட்ட நாங்கள் வாளியை மறந்துவிட்டோம்! அவள் சோப்பைத் தேய்த்தாள், தேய்த்தாள், தேய்த்துக்கொண்டே இருந்தாள். துளி நுரை வரவில்லை. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

கையைத் துடைத்தபடி உள்ளே வந்தவள் தம்பியிடம் நேராகக் கேட்டாள்.

"கொடத்துல இருக்கறது கேன் தண்ணிதானே?"

அம்மா வாயெடுப்பதற்குள் அவன் தலையைக் குனிந்து, "ஆமா" என்றான்.

"அப்போ சமையலுக்கு?"

"மேற்குத் தெருவுல புடிக்கணும்."

"யாரு எட்த்துக்கினு வராங்க?"

"அக்கா."

"வாசல்ல ஒரு பைக் நிக்குதே, அது யாருது?"

"என்னுது" என்றான்.

அவள் அப்பா இருமினார். அவள் கண்டுகொள்ளவில்லை. "தண்ணி உப்பாகீதுன்னா அதுக்கு யாரு இன்னா பண்றது, மண்ணு அப்டி. எங்க தெருவுலயும் இப்போ பாதி போரு உப்புதான். பொய் சொல்லாதீங்க. தண்ணி நீங்க எட்த்துக்கினு வர்றதா இருந்தா எனக்கு சம்மதம்."

மறுநாள் விடிந்ததும் பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. இரண்டு பக்கமும் குடங்களைக் கட்டி, என் நாலு நடைத் தண்ணீரை ஒரே நடையில் கொண்டு வந்து இறக்கினான். தெருவே வேடிக்கை பார்த்தது. "பாத்தியா என் புள்ளைய!" என்று அம்மா பூரித்துப்போனாள்.

கல்யாணம் கூடிவிட்டதே என்று நானும் சந்தோஷப்படத்தான் பார்த்தேன். கோபம்தான் வந்தது. அரை மணி நேரம் கேசரி சாப்பிட வந்தவள் கண்ணில் அந்த பைக் பட்டுவிட்டது. எங்கள் வாசலில் அது ஒன்பது வருஷமாக நிற்கிறது. இடுப்பில் குடத்தோடு வரும்போதெல்லாம், வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறதே சனியன் என்று அதைத் திட்டிவிட்டு, ஒதுங்கி உள்ளே போயிருக்கிறேன். ஒரு நாள்கூட எனக்கே தோன்றவில்லை.