மரக்காணத்து வேகத்தடைகளும் ஸ்டெல்லா அக்காவின் முதுகெலும்பும்

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை மரக்காணம் போனேன். உப்பளத்தைப் படம் எடுக்க அல்ல. அதற்குப் போகிறவர்கள் வேறு பதிவு பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குப் பிறவியிலேயே தலசீமியா என்ற ரத்த வியாதி. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றிக்கொள்கிறேன். ரத்தம் ஏற்றும் வார்டில் பழக்கமானவர் மரக்காணத்து ஸ்டெல்லா அக்கா. அதே வியாதி, முப்பத்தொரு வயது. மூன்று மாதமாக முதுகு வலி என்றார். எங்கள் வியாதியில் எலும்பும் மெலியும் என்பது எனக்கே மணிக்கட்டு உடைந்தபோதுதான் தெரிந்தது. அவருக்கு உடைவதற்கு முன் பரிசோதனை செய்துவிட வேண்டும் என்று கிளம்பினேன்.

காலை ஆறரைக்குத் திருவான்மியூரில் பாண்டிச்சேரி பஸ். நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், இரண்டரை மணி நேரம். கடைசி வரிசையில்தான் இடம். கிழக்குக் கடற்கரைச் சாலை வழவழவென்று இருக்கிறது என்று எழுதுகிறவர்கள் காரில் போகிறவர்கள். ஊருக்கு ஊர் வேகத்தடை. மூன்றாவது முறை எகிறி விழுந்ததும் முன்னால் போய், "அண்ணே, கொஞ்சம் மெதுவா ஏத்துங்க" என்றேன்.

"ஏம்பா, முட்டையா எடுத்துட்டுப் போற?" என்றார் டிரைவர்.

முன்வரிசை முழுக்கச் சிரிப்பு. பார்க்கத் திடமாக இருப்பதுதான் எங்கள் சாபக்கேடு. மீதி தூரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பஸ் நிறுத்தத்திலிருந்து ஆட்டோ நூறு ரூபாய். அக்கா வேலை செய்வது உப்புப் பாத்தியில் அல்ல, உப்பைப் பாக்கெட் போட்டு மூட்டை தூக்கும் தகரக் கொட்டகையில். அவர் கிளம்பியதைப் பார்த்து மேஸ்திரி, "லீவு வேணும்னா மட்டும் இவளுக்கு முதுகு வலிக்குது பாரு. நல்லா நடிக்கிற, போய்ட்டு வா மகாராணி" என்றார்.

"வேணும்னா அரை நாளைக்கு நீங்க வச்சுக்கோங்க மேஸ்திரி, இந்த வலிய" என்றார் அக்கா.

ஸ்கேனுக்குச் சீட்டு வாங்க ஒரு தனியார் கிளினிக். டாக்டர் முதுகைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "மூட்டை தூக்கினா பிடிக்கும்தாம்மா. தைலம் தடவு." வைட்டமின் டி பார்க்கலாமா என்று கேட்டேன். "மரக்காணத்துல வெயிலுக்கா பஞ்சம்?"

"வெயில்ல காயறது உப்பு சார். நான் கொட்டாய்ல இருக்கேன்" என்றார் அக்கா.

"சரி சரி, உங்க திருப்திக்கு எழுதித் தர்றேன்." வியாதி எங்களுடையது, திருப்தியும் எங்களுடையதுதானாம்!

பாண்டிச்சேரி இன்னும் முப்பத்தைந்து கிலோமீட்டர். எக்ஸ்ரேயும் எலும்பு அடர்த்தி ஸ்கேனும் முடியப் பிற்பகல் ஆகிவிட்டது. உடைவதற்கு முன் என்று கிளம்பியிருந்தேன். ஏற்கெனவே உடைந்திருந்தது. முதுகெலும்புக் கண்ணி ஒன்று முன்பக்கம் நசுங்கி ஆப்பு மாதிரி நின்றது. அக்கா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் நடிக்கல" என்றார். முதல் வேலையாக அதை போட்டோ எடுத்து மேஸ்திரிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.

வார்டில் ஹீமோகுளோபின் பார்ப்பார்கள், இரும்புச்சத்து பார்ப்பார்கள். எலும்பைப் பற்றிக் கேட்டால் "அது வேற டிபார்ட்மென்ட்." சின்ன வயதிலேயே போய்விடுவோம் என்று கணக்குப் போட்டுச் செய்த ஏற்பாடு இது. நாங்கள் முப்பதைத் தாண்டி மூட்டை தூக்குவோம் என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

என்னைப் போன்றவர்கள் இப்படிப் பயணம் கிளம்பினால்: பின்சக்கரத்துக்கு மேலேயும் கடைசி வரிசையிலும் உட்காராதீர்கள். வலி என்றால் தைலத்தோடு திரும்பி வராதீர்கள், எக்ஸ்ரே கேளுங்கள். எலும்பு அடர்த்தி, வைட்டமின் டி இரண்டையும் எப்போது பார்ப்பது என்று உங்கள் ரத்த டாக்டரிடம் நச்சரியுங்கள். கால்சியம் மாத்திரையை நீங்களாகக் கடையில் வாங்கி விழுங்காதீர்கள். பழைய அறிக்கைகள் எல்லாம் கையில் இருக்கட்டும், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லித் தொலைக்க வேண்டும்.

திரும்பும் பஸ்ஸில் அக்காவுக்கு முன் இருக்கை கிடைத்தது. காலையில் நான் பட்ட அவமானத்தைச் சொல்லியிருந்தேன். பஸ் கிளம்பியதும் அவர் குரல் கொடுத்தார்.

"அண்ணே, முட்டை எடுத்துட்டு வர்றேன். வேகத்தடையில பாத்து ஏத்துங்க."

டிரைவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் கோட்டக்குப்பம் தொடங்கி மரக்காணம் வரை ஒவ்வொரு தடையிலும் பிரேக் பிடித்து, அலுங்காமல் ஏற்றி இறக்கினார். அக்காவின் மடியில் எக்ஸ்ரே உறை மட்டும்தான் இருந்தது.