பாதாம்பருப்பு அளவில் ஒரு துண்டு

அண்ணனுக்கு வலிப்பு வருவதற்கு முன்னால் பயம் வரும். பாம்பைப் பார்த்த பயமல்ல, முதலாளியைப் பார்த்த பயமும் அல்ல. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அடிவயிற்றிலிருந்து ஏறும் பயம். "வருது" என்பான். அதற்குப் பிறகு ஆள் நம்மிடம் இருக்க மாட்டான். அவன் வேலை பார்த்த பீங்கான் தொழிற்சாலையில், சூளை வேலையிலிருந்து அவனைப் பொருட்கள் கட்டும் கொட்டகைக்கு மாற்றியிருந்தார்கள். வீட்டிலோ காத்து கருப்பு என்று முடிவுகட்டி, மங்கலம்பேட்டையில் ஓதி வாங்கிய தாயத்தைக் கட்டிவிட்டிருந்தார்கள்.

நான் அப்போது சென்னையில் ஆராய்ச்சி மாணவி. எலியின் மூளையை மெல்லிசாகச் சீவி, அமிக்டலா என்ற பாதாம்பருப்பு வடிவப் பகுதியில் நியூரோபெப்டைடு என்ற வேதிப்பொருளை வைத்திருக்கும் நரம்பணுக்களைச் சாயமேற்றித் தேடுவது என் வேலை. பயத்தில் அந்தப் பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே ஒருவகைப் பெப்டைடு பயத்தைக் கூட்டும், இன்னொன்று தணிக்கும். அண்ணன் சொன்ன பயம் எனக்குத் தாயத்து விஷயமாகத் தெரியவில்லை. சண்டை போட்டுத்தான் ஸ்கேனுக்கு இழுத்துப் போனேன். மூளையின் இடப்பக்கம் தழும்பு இருந்தது. மாத்திரை எதற்கும் கேட்காததால், அந்தப் பக்கத்து அமிக்டலாவோடு சேர்த்து அறுத்து எடுத்துவிடலாம் என்றார்கள் டாக்டர்கள்.

அறுவைக்கு நாள் குறித்ததும் என் பேராசிரியர் கூப்பிட்டார். "மனிதத் திசு நமக்கு எங்கே கிடைக்கப்போகிறது? எடுப்பதில் ஒரு துண்டு போதும். அண்ணன் மனப்பூர்வமாகச் சம்மதித்தால் மட்டும்" என்றார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் எனக்கே பிடிக்கவில்லை.

ஊருக்கு வந்து நேரே கொட்டகைக்குப் போனேன். அண்ணன் பீங்கான் ஃப்யூஸ் கட்டைகளை வைக்கோல் வைத்து அடுக்கிக்கொண்டிருந்தான். சுற்றி வளைக்காமல் கேட்டேன். அவன் கை நின்றது.

"உன் படிப்புக்குத்தான் என்ன அறுத்துக்கச் சொன்னியா?"

"இல்லண்ணா. இது நேத்துதான் தெரியும்."

"முடியாது. குடுக்க மாட்டேன்" என்றவன் முகம் வெளுத்தது. "வருது."

நல்லவேளை, கட்டைகளைத் தள்ளிவிட்டு அவனை ஒருக்களித்துப் படுக்க வைக்க நேரம் இருந்தது. யாரோ சாவிக்கொத்தைக் கையில் திணிக்க வந்தார். வேண்டாம் என்று கத்தினேன். தாடை இறுகி, உடம்பு வெட்டி இழுத்து, மெல்ல அடங்கியது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கண் திறக்கும்வரை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

வெகுநேரம் கழித்து எழுந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்தான்.

"நீ எப்ப வந்த? எதாச்சும் சொல்ல வந்தியா?"

வலிப்புக்கு முன் நடந்தது அவனுக்குச் சுத்தமாக நினைவில்லை. என்மேல் வந்த சந்தேகமும் போயிருந்தது. மறுபடி கேட்டேன். அதே கேள்வி, அதே சொற்கள்.

"எடுத்துக்க" என்றான் அசதியாக. "எனக்கெதுக்கு அது?"

வேண்டியது கிடைத்துவிட்டது. எழுந்து போயிருக்கலாம். போகவில்லை.

"அண்ணா, இத மொதல்லயே கேட்டேன். முடியாதுன்னுட்ட. என் படிப்புக்காகவான்னு கேட்ட."

என்னையே பார்த்தான். அந்தச் சந்தேகம் திரும்பி வருமோ என்று பயந்தேன்.

"அப்ப எனக்குப் பயம் வந்துனு இருந்துச்சா?"

"ஆமா."

பயத்தில் உளறியிருப்பேன், விடு என்பான் என்றுதான் நினைத்தேன். அவன் ஒரு கட்டையை எடுத்து வைக்கோலைத் தட்டினான்.

"பயந்துனு சொன்னவனும் நான்தான? அது அவன் கூடவே இருந்த சாமான். அவன் வேணாம்னுட்டான். வுட்டுடு."

அறுவை நல்லபடியாக முடிந்தது. அந்தப் பயம் அதற்குப் பிறகு அவனுக்கு வரவில்லை. அறுவைக்கு முன்பே சென்னைக்குத் திரும்பி, அண்ணன் மறுத்துவிட்டான் என்று பேராசிரியரிடம் சொல்லியிருந்தேன். எந்த அண்ணன் என்று அவர் கேட்கவில்லை.