ஆறு கூடையும் மூன்று கூடையும்

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். ஒன்றுகூடச் சோடை போகவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவள் என்பதால் எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஆனால் எங்கள் மலையூர் கிளாவரையில் எந்த நிலத்தையும் ஓரத்தில் நின்று பார்த்து, இது அதில் பாதி, இது முக்கால் என்று நான் சொன்னால் இன்றுவரை பிசகியதில்லை.

அந்தக் கணக்கு எனக்கு விரல் வழியாக வந்தது. பூண்டு ஊன்றினால் நகக்கண்ணில் ஏறும் எரிச்சலும் வாசமும் ஒரு வாரத்துக்குப் போகாது. எங்கள் ஊரில் மண்வெட்டி ஆண்களுக்கு, விதை பெண்களுக்கு. நாலு விரல் இடைவெளி விட்டு ஒவ்வொரு பல்லாக ஊன்றுவோம். ஆகையால் ஒரு காடு எத்தனை கூடை விதை விழுங்கும் என்பது பெண்களுக்குத்தான் தெரியும்.

எனக்குப் பத்து வயதாகும்போது அப்பாவும் சித்தப்பாவும் பாகம் பிரித்தார்கள். இருந்தது இரண்டே துண்டு. ஒன்று நாலு பக்கமும் ஒத்த ‘சதுரக்காடு’. மற்றது ஓடையை ஒட்டி நீண்டு, போகப்போகக் குறுகி, முனையில் கூம்பிவிடும் ‘மூக்குக்காடு’. அண்ணன் பிரித்து வைக்க வேண்டும், தம்பி முதலில் எடுக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அப்பா மாட்டுக் கயிறுகளை ஒன்றோடொன்று முடிந்து சதுரக்காட்டைச் சுற்றி இழுத்தார். அதே கயிறு மூக்குக்காட்டையும் கூடாமல் குறையாமல் சுற்றி வந்தது.

“சரிக்குச் சரியாக் கெடக்கு. நீ எடுப்பா,” என்றார்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. போன பட்டத்தில் அம்மாவும் நானும் ஊன்றியபோது சதுரக்காட்டுக்கு ஆறு கூடை பிடித்தது, மூக்குக்காட்டுக்கு மூன்றுதான். கயிறு சமமாக இருக்கையில் கூடை எப்படிப் பாதியாகும்? குத்தவைத்து உட்கார்ந்து ஈரமண்ணில் குச்சியால் இரண்டையும் கீறினேன். மூக்கை நெடுக இரண்டாக வகுந்து, ஒரு பாதியைத் தலைகீழாகத் திருப்பி மற்றதோடு சேர்த்தபோது ஒல்லியாக ஒரு பட்டை வந்தது. அப்படி இரண்டு பட்டை சேர்ந்தால்தான் சதுரம் நிரம்பும்போலிருந்தது.

சித்தப்பாவுக்கு இது தெரியாது. சித்தி பாலசமுத்திரத்திலிருந்து வாக்கப்பட்டு வந்து இரண்டே மாதம். எங்கள் காட்டில் ஒரு பல்கூட ஊன்றியதில்லை.

“அண்ணே, தண்ணி பக்கத்துல ஓடுது, மூக்குக்காட்ட நானே எடுத்துக்கிறேன். சதுரத்துக்குக் கொடத்துல சுமந்து நீங்க இடுப்பொடிஞ்சு கெடங்க,” என்று சித்தப்பா சிரித்தார்.

நான் வாயைத் திறந்தேன். அம்மாவின் கை தோளில் இறுகியது.

“ஏபுள்ள, ஒனக்கு இங்க என்ன சோலி? வெரசாப் போயி அடுப்பப் பாரு.”

குரலில் கோபமில்லை, பயம். அவளும் கூடையை எண்ணியிருக்கிறாள் என்று அப்போதுதான் புரிந்தது. எனக்குப் பின்னால் பிறந்த நாலு வயிறு வீட்டில் இருந்தது. கீறியதைக் காலால் அழித்துவிட்டுப் போனேன்.

சித்தப்பா ஆட்டுப்புழுக்கை சுமந்து கொட்டினார், ஆழக் கொத்தினார். விளைச்சல் எங்களுடையதில் பாதியைத் தாண்டவில்லை. “மண்ணு சத்தில்ல அண்ணே,” என்பார். அப்பா தலையாட்டுவார். மூன்றாம் வருடம் காட்டை அப்பாவிடம் விட்டுவிட்டு, சித்தியையும் கைக்குழந்தை வள்ளியையும் கூட்டிக்கொண்டு பெரும்பாறைக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போனார். அந்த மண்ணைக் குறை சொல்லிக்கொண்டே செத்தும் போனார்.

இப்போது யாரும் கயிறு இழுப்பதில்லை. சர்வேயர் மிஷினை நட்டுவைத்து அளவைச் சொல்லிவிடுகிறார். டிராக்டர் திரும்புவதற்காக இரண்டு காட்டுக்கும் நடுவே இருந்த வரப்பை வெட்டிவிட்டோம். மூக்கு எங்கே தொடங்கியது என்று காட்ட என்னைத் தவிர ஆள் இல்லை. அப்பாவுக்குப் பிறகு தம்பி தங்கைகள் எனக்கே விட்டுக்கொடுத்த இந்தக் காட்டை என் மகன்கள் பாகம் பிரிக்கப்போகிறார்கள். நான் ஒரு வாரமாக வெள்ளனே எழுந்து காட்டுக்கும் வீட்டுக்குமாக நடக்கிறேன்.

வள்ளிக்கு நாலரைக் கூடைக் காடு ஒதுக்கிவிட்டுத்தான் மிச்சத்தைப் பிரிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

“ஏன் ஆத்தா, வள்ளிச் சித்தியோட அப்பா பங்கே மூணுதான?” என்றான் பெரியவன்.

“ஆறும் மூணும் ஒம்பது. ஒம்பதுல பாதி என்னலே?” என்றேன். எழுந்து போய்விட்டான். ஆனால் என் கையெழுத்து இல்லாமல் பத்திரம் நகராது, அது அவனுக்கும் தெரியும்.

நாளை மறுநாள் வள்ளி வருகிறாள். அவளுக்கு எழுத்து தெரியாது. முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வராது. காவேரி, என் பேத்தி, நான் எழுதிய இதை நீதான் அவளுக்குப் படித்துச் சொல்ல வேண்டும். இப்போது ஒரு தடவை எனக்குப் படித்துக் காட்டு தாயி. நான் காலால் அழித்த இடத்தில் மட்டும் வேகமாகப் போய்விடாதே.