வெறுங்கை

"நான் எந்தப் பக்கம் படுப்பேன்?"

குக்கோவின் வாய் நிறைய மசித்த வாழைக்காய். விழுங்கிவிட்டுச் சொல்கிறான்: "சுவத்துப் பக்கம்."

"எந்தப் பல்லு அடைச்சிருக்கேன்?"

"கீழ, வலது கடைசி. சாப்பிட விடு கண்ணு!"

விடமாட்டாள் யோக்கைரா. நியூயார்க்கிலிருந்து வந்திறங்கிய ஐந்து நாளாக இதே வேலைதான். அவன் குளிக்கும்போது கதவைத் தட்டிக் கேட்பாள். மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து காதுக்குள் கத்துவாள். விசா நேர்காணலில் குடையும் தூதரக அதிகாரி தோற்றார் என்று, பானி ஊரில் அந்தத் தெருவே அவளுக்குக் 'கான்சல் அம்மா' என்று பட்டம் கட்டிவிட்டது. எதிர்வீட்டு மிலேதிஸுக்கு வாய் அதிகம். "ஏம்ப்பா குக்கோ, ஊர்ல அவனவன் பொண்டாட்டி கட்டுறான். நீ விசாவையில்ல கட்டியிருக்க!" என்பாள். யோக்கைரா சிரிப்பதில்லை. தூதரகத்திலும் இதையேதான் நினைப்பார்கள் என்ற பயம் அவளுக்கு.

வயது பத்தொன்பது. நியூயார்க்கில் பிறந்தவள். அங்கே ஒரு பியூட்டி பார்லரில் நாளெல்லாம் பிறர் தலையை அலசி அலசி விரலிடுக்கெல்லாம் தோலுரிந்து கிடக்கிறது. கோடை விடுமுறைக்கு வந்த இடத்தில், லாரியில் மாம்பழம் ஏற்றுகிற குக்கோவிடம் மனதைப் பறிகொடுத்தாள். அவனுக்கு இருபத்தேழு. பதினெட்டு முடிந்த மறுமாதமே அவனைக் கட்டிக்கொண்டு, கையோடு அவனுக்கான விசா மனுவிலும் கையெழுத்துப் போட்டாள். "இவனுக்குச் சோறு போடுறது என் பொறுப்புன்னு அரசாங்கத்துக்கே எழுதிக் குடுத்துருக்கேன்" என்று சொல்லும்போது மட்டும் முகவாய் ஓர் அங்குலம் உயரும்.

வயதைக் கூட்டிக் காட்ட அவள் படும் பாடு இருக்கிறதே! ஹை ஹீல்ஸ், அடர்சிவப்பு லிப்ஸ்டிக், பவர் இல்லாத கண்ணாடி. அத்தனையும் போட்டுக்கொண்டு நின்றால் பள்ளி நாடகத்தில் டீச்சர் வேஷம் கட்டிய பிள்ளை மாதிரி இருக்கிறாள், பாவம்.

நேர்காணலுக்கு முதல் நாள் மாலை அவன் எல்லாக் கேள்விக்கும் சரியாகவே சொன்னான். கடைசியாகக் கேட்டாள்: "எங்கம்மா பேரு?"

"நேனா."

"அது கூப்பிடுற பேருடா. எழுதுற பேரு?"

"நேனாவுக்கு இன்னொரு பேரா?"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அவனைக் குற்றம் சொல்லவும் வழியில்லை. அந்தத் தெருவில் காகிதத்தில் உள்ள பேரை யார் கண்டார்கள்? சாவு அறிவிப்பில்கூடக் கூப்பிடுகிற பேரையும் போட்டால்தான் போனது யாரென்று ஊருக்குத் தெரியும். "மெர்செதெஸ் அல்தாகிராசியா. சொல்லுடா!" என்றாள். நாக்கு வறளும்வரை சொன்னான்.

மறுநாள் தலைநகரில், தூதரகத்துக்கு எதிர்ச்சாரியில் மர நிழலில் காத்திருந்தாள். துணைக்கு வருகிறேன் என்று தொற்றிக்கொண்ட மிலேதிஸும் பக்கத்தில். அங்கே நிற்கும் கூட்டம், வெளியே வருகிறவரின் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்க்கும். உள்ளே பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டால் விசா உண்டு. திருப்பிக் கொடுத்துவிட்டால் இல்லை. ஒரு பெரியவர் வெறுங்கையோடு வந்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

குக்கோ வாசலில் தலைகாட்டியதுமே யோக்கைரா சாலையைக் கடந்து ஓடி, அவனை மறைத்துக்கொண்டு நின்றாள். அவன் கையில் பாஸ்போர்ட், ஒரு தாள்.

"நாக்கு நுனியில இருந்துச்சு கண்ணு. வாயத் தொறந்தா நேனான்னு வந்துருச்சு. தாள்ல உன் வயசைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க. உண்மையான கல்யாணம்தான்னு இன்னும் ஆதாரம் கொண்டுவரச் சொல்லிட்டாங்க."

"எத்தனை நாளாகும்?"

"தெரியாதாம்."

மறுநாள் காலை அவளுக்கு விமானம். போகாவிட்டால் வேலை போகும். வேலை போனால், சம்பளம் காட்ட முடியாமல் மனுவும் போகும். அவனை விட்டுவிட்டுத்தான் போயாக வேண்டும்.

"என்னடி ஆச்சு?" எதிர்ச்சாரியிலிருந்து மிலேதிஸ் கத்தினாள். கூட்டமே திரும்பிப் பார்த்தது.

யோக்கைரா பாஸ்போர்ட்டையும் தாளையும் பிடுங்கித் தன் சட்டைக்குள் செருகினாள். அவனுடைய வெறுங்கையை இறுகப் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கியபடி சாலையைக் கடந்தாள். கூட்டம் கைதட்டியது. அவள் கையை இறக்கவே இல்லை.