கண்மாய்க்குள் நின்ற நாலு சக்கர பைக்

அவன் எனக்குப் பெரியப்பா மகன், அண்ணன் முறை. நேரில் பார்த்தால் அண்ணே என்பேன், மரியாதை அத்தோடு சரி. ஒரு வருஷமாக மனசுக்குள் அவன் இவன் என்றுதான் வைதுகொண்டிருந்தேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

கரிசல்காட்டில் மழை ஓய்ந்த பிறகு, ஈரம் காய்கிற வரைக்கும் சொந்த நிலத்துக்குள்ளேயே நாங்கள் கால் வைக்க மாட்டோம். மிதித்த இடம் இறுகிப்போகும், காய்ந்தால் கடப்பாரைகூட இறங்காது. அவனும் இதே ஊரில் பிறந்தவன்தான். போன வருஷம், முளைத்து ரெண்டு இலை விட்டிருந்த என் உளுந்துக்குள் தன் நாலு சக்கர பைக்கை விட்டு, வட்டம் வட்டமாகச் சுற்றி வீடியோ எடுத்திருக்கிறான். காற்றாலை வேலைக்கு வாடகைக்கு விட வாங்கின வண்டி. ஈரத்தில் எப்படி ஓடுகிறது என்று காற்றாலைக்காரர்களுக்குக் காட்ட வேண்டுமாம். காட்டுவதற்கு அவன் நிலம் இல்லையா? கேட்கப் போன என் வீட்டுக்காரியிடம், "உளுந்துதானம்மா, உசுரா போயிட்டு?" என்று சிரித்திருக்கிறான். அவள் அழுதுகொண்டு வந்தாள். அந்த வருஷம் உளுந்தைக் கடையில் வாங்கித் தின்றோம்.

இந்தக் கார்த்திகையில் மழை கொட்டித் தீர்த்துவிட்டது. கோவில்பட்டியில் என் பைக் ஒர்க்‌ஷாப்பைத் திறந்துகொண்டிருக்கும்போது அவனிடமிருந்து போன் வந்தது. வண்டி கண்மாய்க்குள் நின்றுவிட்டதாம். மறுநாள் காலையில் காற்றாலைக்காரர்கள் முன்னால் வண்டி நிற்காவிட்டால் வாடகை வேறு ஆளுக்குப் போய்விடுமாம். "ஏலே தம்பி, ஒன்னைய விட்டா எனக்கு ஆரு இருக்கா?" என்றான். ஒரு வருஷம் கழித்துத் தம்பி ஞாபகம் வந்திருக்கிறது.

போனேன். டூல்ஸ் பையும் ஆயில் டப்பாக்களும் பேருக்குத்தான் எடுத்துக்கொண்டேன்; உதவி செய்ய இல்லை, அவன் முழிப்பதைப் பார்க்கத்தான்.

ஓடையில் வெள்ளம் போனதால் பாதையை விட்டுக் கண்மாய் ஓரத்துத் தண்ணீருக்குள் இறங்கியிருக்கிறான். கோடை முழுக்க ஓட்டிப் பழகின தரைதானே என்ற நினைப்பு. அதே கோடையில், தன் நிலத்துக்கு உரமாகப் போடக் கரம்பை மண் அள்ள ஜேசிபி விட்டு அவனே தோண்டின குழி தண்ணீருக்கடியில் கிடப்பதை மறந்துவிட்டான். நல்லா வேணும் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டேன். ஊர்க்காரர்கள் நாலு பேர் கயிறு கட்டி இழுத்து வண்டியைக் கரைமேல் ஏற்றியிருந்தார்கள். அவன் ஸ்டார்ட்டரில் கட்டைவிரலை வைத்திருந்தான்.

எஞ்சினுக்குள் தண்ணீர் நிற்கும்போது ஸ்டார்ட்டரை அமுக்கினால் உள்ளே ராடு வளைந்துவிடும். அதோடு வண்டி கதை முடிந்தது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். மூடிக்கொண்டுதான் நின்றேன். அப்போதுதான் கரையைக் கவனித்தேன். ஒரு முனையில் கண்மாய் நிரம்பி, உபரித் தண்ணீர் கலுங்கு வழியாக இடுப்பளவு மறுகால் பாய்ந்துகொண்டிருந்தது. மறுமுனை என் நிலத்தில் இறங்குகிறது. வண்டி வெளியே போக வேறு வழியே கிடையாது. நிலத்தில் உளுந்து முளைத்திருந்தது.

"அண்ணே, கைய எடுங்க" என்றேன்.

ஓடாத வண்டிக்கு வழி எதற்கு? இது ஓடியாக வேண்டும்.

என் ஆயுசில் எந்த வண்டிக்கும் அப்படிப் பார்த்துப் பார்த்து வேலை செய்ததில்லை. முன்பக்கத்தை நாலு பேரையும் தூக்கிப் பிடிக்கச் சொல்லி சைலன்சர் தண்ணீரை வடித்தேன். ஃபில்டரைக் கழற்றிப் பிழிந்து வெயிலில் வைத்தேன். ஸ்பார்க் பிளக்கை எடுத்துவிட்டு இப்போது அமுக்குங்கள் என்றேன். ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. ஆயில் பால் டீ நிறத்துக்கு மாறியிருந்தது. அதைக் கொட்டி, புது ஆயில் ஊற்றி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அதையும் கொட்டி மறுபடி ஊற்றினேன். சாயங்காலம் வண்டி நின்ற இடத்திலேயே கிண்ணென்று ஓடியது. அவன் முகம் பூரித்துப் போயிற்று. ஏறி உட்கார்ந்து என் நிலத்துப் பக்கம் ஹேண்டிலைத் திருப்பினான். முன்னால் போய் நின்றேன்.

"ஈரம் காயட்டும்ணே. அப்பறம் எடுத்துட்டுப் போங்க."

சிரித்தான். நான் சிரிக்கவில்லை. ஓரமாகப் போகிறேன், மெதுவாகப் போகிறேன் என்றான். நாலு பேரையும் பார்த்தான். ஈர நிலத்தில் வண்டியை விடு என்று எங்கள் ஊரில் எவன் சொல்வான்? அவர்கள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் இறங்கி வந்து என் கையைப் பிடித்தான்.

"ஏதும் தப்பு செஞ்சிருந்தா மன்னிச்சிருல."

"என்ன தப்புண்ணே?"

யோசித்தான். நானும் காத்துக்கொண்டு நின்றேன். சத்தியமாக அவனுக்கு ஞாபகம் வரவில்லை. அதுவரை எனக்குக் கொஞ்சம் இரக்கம் இருந்தது, அதுவும் போய்விட்டது. கையை உருவிக்கொண்டு வரப்பு வழியாக வீட்டுக்குப் போனேன்.

வாடகை வேறு ஆளுக்குப் போயிற்று. மண் காய்வதற்குள் இன்னொரு மழையும் பிடித்துக்கொண்டது. பேட்டரி இறங்கிவிடக் கூடாதே என்று தினமும் காலையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு என் வரப்பில் நடந்து வருவான். வண்டியை ஸ்டார்ட் செய்வான், கொஞ்ச நேரம் அதன்மேல் உட்கார்ந்திருப்பான், அணைத்துவிட்டுப் போவான். நானும் வீட்டுக்காரியும் இந்தப் பக்கத்து வரப்பில் நின்று பார்ப்போம். ஒரு நாள் அவள் காதைக் கொடுத்துக் கேட்டாள்.

"சத்தம் எம்புட்டு சுத்தமா இருக்கு. நல்லாத்தான் ரிப்பேர் பாத்திருக்கீங்க" என்றாள்.