ஒட்டுப்பால் விசாரணை

எங்கள் பக்கத்தில் கடிதம் எழுதினால் கடைசியில், 'எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்லவும்' என்று போடுவோம். அந்த ஒரு வரிக்காகவே கடிதம் எழுதியவர்களும் உண்டு. எண்பதுகளின் கடைசியில் அதே சொல்லைக் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்வோம். மாத்தளையிலிருந்து ஆமி ஜீப் வந்து யாரையாவது விசாரணைக்கு ஏற்றிக்கொண்டு போனால், வீட்டுக்காரர்கள் முகாம் முகாமாகத் தேடி அலைய வேண்டும். எனக்கு வந்தது இன்னொரு வகை: தோட்டத்து விசாரணை. அதில் ஆள் காணாமல் போவதில்லை. வேலை போகும், வேலையோடு தோட்டம் குடியிருக்கக் கொடுத்த ஒற்றை அறையான லயத்துக் காம்பிராவும் போகும்.

நான் அப்போது இறப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் இறந்து இரண்டு வருடம். இரண்டு பெண் பிள்ளைகள். அந்தக் காம்பிராவை விட்டால் எங்களுக்குப் போக்கிடம் இல்லை. ஒட்டுப்பால் திருடினேன் என்று தோட்டத்துக் காவல்காரரான வாச்சர் என் மேல் எழுதிக் கொடுத்திருந்தார். ஒட்டுப்பால் என்பது வெட்டிய கோட்டில் கசிந்து, காய்ந்து, நாடாவாக ஒட்டியிருக்கும் மிச்சப் பால். அதை உரித்துத் தோட்டத்துக்குக் கொடுக்க வேண்டும், வெளியே விற்றால் திருட்டு. நான் எடுக்கவே இல்லை. அவர் வீட்டுக்கு விறகு சுமந்து போட மாட்டேன் என்று முகத்துக்கு நேராகச் சொன்னதுதான் நான் செய்த குற்றம்.

விசாரணைக்கு முதல்நாள் தொழிற்சங்கத்துத் தலைவர் வந்தார்.

"தங்கச்சி, தெரியாம எடுத்துட்டேன்னு மன்னிப்புக் கேட்டுருங்க. வேலையாச்சும் மிஞ்சும்."

"எடுக்காததுக்கு எதுக்குண்ணே மன்னிப்பு?" என்றேன். அவருக்கு என் வாயைப் பற்றித் தெரியும். தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார்.

ஆபீசில் தோட்டத்து மேனேஜரான துரை மேசைக்குப் பின்னால் இருந்தார். பக்கத்தில் கிளாக்கர், எதிரில் வாச்சர். மேசையில் பழைய பேப்பரின் மேல் தேங்காய் அளவில் ஓர் ஒட்டுப்பால் உருண்டை, நன்றாகக் காய்ந்து பழுப்பு நிறத்தில். தொழிலாளி துரையிடம் நேராகப் பேசுவது வழக்கமில்லை. நான் தமிழில் சொல்ல, கிளாக்கர் அதைச் சிங்களத்தில் துரைக்குச் சொல்லுவார். சாட்சியைக் கேள்வி கேட்கும் உரிமை எங்களுக்கும் பேருக்கு இருந்தது. யாரும் கேட்டதில்லை. நான் கேட்டேன்.

"என்னைய எங்க, எப்ப பாத்தீங்க?"

"எட்டாம் நம்பர் மலையில. திங்கக்கெழம மத்தியானம். நீங்கள்லாம் மரம் வெட்டி முடிச்சு, பால் வாளிய ஸ்டோர்ல குடுத்துட்டு வந்த நேரம்."

"இதே உருண்டைதானா?"

"இதேதான். நீ மரத்துலருந்து உரிச்சு உருட்டுனத நின்னு பாத்தேன்."

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மனிதர் ஒருநாளும் வெட்டுக்கத்தி பிடித்தவரில்லை. நாங்கள் காலையில் முதலில் பழைய நாடாவை உரித்துப் பையில் போட்டுவிட்டுத்தான் புதுசாக வெட்டுவோம். அன்று கசிவது மத்தியானத்தில் வெள்ளையாக, ஈரமாக இருக்கும். விரலில் ஒட்டுமே தவிர உரியாது. அது காய்ந்து உரிக்க வர மறுநாளாவது ஆகும்.

இதையெல்லாம் விலாவாரியாகச் சொன்னேன். கிளாக்கர் துரையின் பக்கம் திரும்பி ஒரே வரியில், "எடுக்கவில்லை என்கிறாள்" என்று சிங்களத்தில் முடித்துவிட்டார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மாத்தளைக் கடைத்தெருவில் கருவாட்டுக்கு விலை பேசிப் பழகிய சிங்களம் எனக்கு இருந்தது. அதை வைத்துக்கொண்டு துரையிடம் நேராகவே பேசினேன். கிளாக்கரின் பேனா அந்தரத்தில் நின்றது. என் இலக்கணம் எப்படியிருந்ததோ தெரியாது, மரமும் வெட்டும் ஈரமும் துரைக்குப் புரிந்தன.

துரை உருண்டையைக் கையில் எடுத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு வாச்சரைப் பார்த்து, "வெட்டின அன்றைக்கே மத்தியானம் உரிக்கிற அளவுக்குக் காயுமா?" என்று கேட்டார்.

அன்றைக்கு வெயில் கடுமை என்றார் வாச்சர்.

வெயிலைப் பற்றித் துரை பேச்சை வளர்க்கவில்லை. இன்னும் ஒரே கேள்விதான் கேட்டார்: "இது உனக்கு எங்கேயிருந்து கிடைத்தது?"

துரை என் பக்கம் திரும்பித் தெரிந்த தமிழில், "ஒங்க மேல குத்தம் இல்ல. வேலைக்குப் போங்க" என்றார்.

அந்தத் துரை என்னை 'நீங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. ஆனாலும் நான் நகரவில்லை.

"இவர் சொல்லப்போற பதில நானும் கேட்டுட்டுப் போறேன் சார்."

துரை மறுக்கவில்லை. வாச்சர் கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், கிளாக்கரைப் பார்த்தார். என்னை மட்டும் பார்க்கவில்லை. அவர் பதில் தேடித் திணறிய நேரம் முழுவதும் நான் கையைக் கட்டாமல், சிரிப்பை அடக்காமல் அங்கேயே நின்றேன். சாயங்காலம் என் பிள்ளைகள் எங்கள் காம்பிராவில் உட்கார்ந்துதான் சோறு தின்றார்கள்.